பதினொரு நிமிடம் கண்ணை மூடியவர்கள்

கனமூலை,
17.06.2025, செவ்வாய்க்கிழமை.

அன்பு மருமகன் றுமைஸுக்கு,

ஸலாம். மாமா ஜபார் எழுதுகிறேன். உறையின் பின்பக்கத்தில் என் பெயரைப் பார்த்த பிறகும் இதைப் பிரித்திருக்கிறாய் என்றால், அதுவே எனக்குப் பெரிய காரியம். நான் எடுக்கும் தொலைபேசிக் கோல்களுக்கு நீ பதில் சொல்வதில்லை. அதைக் குறையாகச் சொல்லவில்லை. எழுதச் சொன்னது உன் கூட்டாளி ஸம்ஹா. "கோல் எடுத்தா அவர் தூக்க மாட்டார் மாமா. எழுதுங்க. நீங்க எழுதினத அவர் ஒருநாளும் வாசிக்காம விட்டதில்ல" என்றாள். குத்திச் சொன்னாளா, உள்ளதைச் சொன்னாளா என்று நான் கேட்கவில்லை. இரண்டும் சரியாகத்தான் இருக்கும்.

முதலில் வீட்டுச் செய்தி. உன் உம்மா சுகமாக இருக்கிறாள். சீனி வருத்தம் கட்டுப்பாட்டில் இருக்கிறது. குளிசையை நேரத்துக்குப் போடுகிறாள், ஆனால் வட்டிலப்பத்தைக் கண்டால் டொக்டர் சொன்னதெல்லாம் மறந்துபோகிறது. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு உன் அறையின் மின்விசிறியைத் திருத்துவித்தாள். அங்கே யாரும் படுப்பதில்லையே என்றேன். "தூசி பிடிச்சா சத்தம் போடும் நானா" என்றாள். கண்டக்குழியில் காற்றுக் காலம் தொடங்கிவிட்டது. லொட்ஜுகள் நிறைந்திருக்கின்றன.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நேற்று முன்தினம், ஞாயிற்றுக்கிழமை, உன்னுடைய நான்கு கூட்டாளிகளோடு கொழும்புக்குப் போய் அந்தப் படத்தைப் பார்த்தேன். நான் ஏன் போனேன், அவர்கள் ஏன் என்னைக் கூட்டிப்போனார்கள் என்பதை வரிசையாக எழுதவேண்டும். நடுவில் நீ கடிதத்தை மடித்து வைக்காமல் இருந்தால் போதும்.

நீங்கள் விளையாடிய விளையாட்டைப் பற்றி ஏழு வருடம் கழித்துத்தான் விசாரித்து அறிந்தேன். அறிந்ததை எழுதுகிறேன், பிழை இருந்தால் திருத்து. நீ வேலை செய்த லொட்ஜில், காற்றாடியைப் பிடித்துக் கடலில் சறுக்கும் கைற் ஓட வந்த ஒரு வெள்ளைக்காரர், போகும்போது ஒரு பெட்டியை விட்டுவிட்டுப் போனார். அதற்குள் ஒரு தடித்த ஆங்கிலப் புத்தகம், சில வரைபடங்கள், இருபது முகமுள்ள பகடைகள். மேசையைச் சுற்றி இருந்து ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி அந்தக் கதைக்குள் நடந்துபோகும் விளையாட்டு அது. தாங்கள் செய்ய நினைப்பதை அவர்கள் சொல்வார்கள். அது பலிக்குமா என்பதைப் பகடை சொல்லும். புத்தகத்தை வாசித்துக் கதை சொன்னவன் நீ மட்டும். மற்ற நால்வரும் அதைத் திறந்ததே இல்லை. திறப்பது களவு என்பது உங்கள் சட்டம்.

கடலுக்குப் போகிற றொபி அதில் ஒரு கிழட்டு வைத்தியச்சி. அனல்மின் நிலையத்தில் வேலை செய்யும் நௌஃபர், இரவல் வாங்கிய பேனையைக்கூடத் தேடி வந்து கொடுக்கிறவன், அதில் பேர்போன திருடன். அவன் தங்கச்சி ஸம்ஹா, இப்போது நுரைச்சோலையில் கணிதம் படிப்பிக்கிறவள், வாளேந்திய தளபதி. கைற் பழக்குகிற சாரங்கன் மந்திரவாதி. கடற்கரையில் றொபியின் மீன்வாடியில், அந்த ஓலைக் கொட்டிலில், ஞாயிறுதோறும் லுஹர் தொழுகைக்குப் பிறகு கூடினீர்கள். ஒன்றரை வருடம் அந்த உலகத்தில் நடந்து, கடைசியில் வெள்ளை வெளியின் நடுவே தனியாக நிற்கும் ஒரு கதவுக்கு முன்னால் வந்து சேர்ந்தீர்கள். வைத்தியச்சி கதவின் வளையத்தில் கை வைத்தாள். மிச்சம் வாற ஞாயிறு என்று சொல்லி நீ புத்தகத்தை மூடினாய். அன்று தேதி 21.10.2018.

அன்றைக்கு வாடிக்கு வெளியே நான் நின்றேன்.

இளைஞர்கள் கூடிப் பகடை உருட்டுகிறார்கள் என்று ஒருவர் எனக்குச் சொல்லியிருந்தார். கடற்காற்று கடுமையாக இருந்தது. ஓலைச் சுவரில் ஒரு ஓட்டை. அதற்கூடாக ஒன்பது நிமிடம் பார்த்தேன். பகடையைக் கண்டேன். எண்கள் நிறைந்த தாள்களைக் கண்டேன். நௌஃபர் "இந்தா முந்நூறு பொன், எங்கள விட்டிரு" என்று கெஞ்சியதைக் கேட்டேன். எனக்கு முதுகைக் காட்டி இருந்த ஒருவன், "பொன் வேணாம், உசிர்ல பாதி தா" என்று அடித்தொண்டையால் உறுமினான். அது என் தங்கச்சியின் மகன் என்று எனக்குத் தெரியவில்லை. அந்த நேரம் நீ உன் குரலைப் பூதத்துக்குக் கொடுத்திருந்தாய்.

பிறகு நடந்தது உனக்குத் தெரியும். புதன்கிழமை, நான் செய்தி எழுதும் பத்திரிகையின் உள்பக்கத்தில், இருபத்தேழு வரி: மீன்வாடியில் சூதாட்டம். பெயர் ஒன்றும் போடவில்லை. கண்டக்குழியில் பெயர் போடத் தேவையும் இல்லை. லொட்ஜ்காரர் உன்னை வேலையால் நிறுத்தினார். ஸம்ஹாவை அவள் வாப்பா ஆறு மாதம் வீட்டுப் படலையைத் தாண்ட விடவில்லை. உன் உம்மா அன்று அஸர் தொழுகைக்கு முன்னால் பத்திரிகையோடு வந்து, முற்றத்தில் நின்றபடியே, "நானா, இதுல இருக்கிறது என்ட புள்ளையா?" என்று கேட்டாள். டிசம்பரில் நீ கட்டாருக்குப் போய்விட்டாய். அப்போது எனக்கு எழுத்தில் இருபத்துநாலு வருட அனுபவம். உள்ளே போய் "என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்க எனக்கு ஐந்து அடி நடந்தால் போதுமாக இருந்தது.

இந்த வருடம் அந்தப் பெட்டியிலுள்ள அதே கதையைப் படமாக எடுத்து வெளியிட்டிருக்கிறார்கள். விளம்பரம் வந்தவுடன் ஸம்ஹா உனக்கு அனுப்பியிருக்கிறாள். நீ பதில் போட்டாய். அவள் தொலைபேசியில் காட்டினாள், கொப்பியில் எழுதிக்கொண்டேன். "போய்ப் பாருங்க. கதவுக்குப் பின்னால என்ன ஈக்குதெண்டு தெரிஞ்சிரும். அதோட எல்லாம் முடிஞ்சிது. பெட்டிய றொபி கடல்ல போடட்டும்."

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு அண்ணனும் தங்கச்சியும் என் வீட்டுக்கு வந்தார்கள். ஏழு வருடத்தில் முதல் தடவை. நௌஃபர் கதிரையின் நுனியில் இருந்தான். ஸம்ஹா நின்றபடியே கதைத்தாள். "மாமா, நாங்க படத்துக்குப் போறம். பார்க்காம இருக்கவும் ஏலாது. ஆனா கதவு திறக்கிற கட்டத்த நாங்க பார்க்க மாட்டம். அது றுமைஸ் நானா சொல்லவேண்டியது. அந்த நேரம் கண்ணையும் காதையும் பொத்திக்கொள்ளுவம். முடிஞ்சிட்டெண்டு சொல்ல எங்களுக்கு ஒரு ஆள் வேணும்."

வேறு யாரையும் கூட்டிப்போகலாமே என்றேன். அவள் என்னை நேராகப் பார்த்தாள். "நீங்க பார்க்காதத எழுதினீங்க மாமா. இப்ப பார்த்தத எழுதாம இருந்து காட்டுங்க." நௌஃபர் தலையைக் குனிந்துகொண்டான். நான் பயணத்துக்குச் சட்டையைத் தோய்க்கப் போட்டேன்.

வான் கண்டக்குழியில் இருந்து புறப்பட்டு, மதுரங்குளிச் சந்தியில் ஆறேகாலுக்கு என்னை ஏற்றியது. பின்னிருக்கையில் றொபி. அவன் மடியில் உன் பெட்டி. எஞ்சின் சாமான் நனையாமல் சுற்றுவதுபோல இரட்டைப் பொலித்தீனில் சுற்றி, நைலோன் கயிற்றால் கட்டியிருந்தான். இதை ஏன் கொண்டுவருகிறாய் என்று கேட்டேன். "அதுவும் படம் பார்க்கட்டும் ஐயா" என்றான். சிலாபம் வரைக்கும் தங்கள் பழைய பயணத்தைக் கதைத்துக்கொண்டே வந்தார்கள். நௌஃபர் ஒருமுறை பூதத்தின் செருப்பைத் திருடி, பிறகு பாவம் பார்த்து ஒற்றைச் செருப்பைத் திருப்பிக் கொடுத்த கதைக்கு, வான் ஓட்டியவர் வண்டியை ஓரமாக நிறுத்திச் சிரித்தார். முப்பத்தைந்து வயதுக்காரர்கள், ஒரு கலியாணப் பயணத்தைச் சொல்வதுபோல அதைச் சொன்னார்கள். எங்கே குளிர்ந்தது, எங்கே பசித்தது, எந்தப் பாலத்தில் யார் யாரைக் கைவிட்டார்கள் என்று ஒவ்வொன்றாக. நான் குறிப்பெடுக்கத் தொடங்கி, பாதியில் பேனையை மூடிவிட்டேன்.

தியேட்டரில் பத்தரை மணிக் காட்சி. அங்கு வந்திருந்தவர்களை நீ பார்த்திருக்கவேண்டும். அட்டை வாள், துணி இறக்கை, தாடி ஒட்டியவர்கள். பல்கலைக்கழகத்தில் படிக்கிற ஒரு சிங்களப் பெண் நீல அங்கி போட்டு எங்களுக்கு முன்வரிசையில் இருந்தாள். படம் தொடங்கி அந்தப் பாலம் வந்ததும் மண்டபம் முழுக்க ஒரு பெருமூச்சு எழுந்தது. திரையில் பாத்திரங்கள் திரும்புவதற்கு முன்னமே இவர்கள் தலை அந்தப் பக்கம் திரும்பியது. அடுத்து என்ன வரும் என்று இவர்களுக்குத் தெரிந்திருந்தது. கற்பனை மாளிகை ஒன்றுக்குள், சொந்த வீட்டில் இருட்டில் சுவிட்சைத் தேடுகிறவர்களைப்போல நடந்தார்கள். மருமகன், நான் சுனாமிக்குப் பின்னும் போய் எழுதியிருக்கிறேன், முகாம்களிலும் இருந்து எழுதியிருக்கிறேன். மனிதர்கள் பார்த்த இடத்தை நினைத்துக்கொள்வதைக் கண்டிருக்கிறேன். ஒருவரும் போகாத இடத்தை நாலு பேர் ஒன்றாக நினைத்துக்கொள்வதை அன்றுதான் கண்டேன்.

பிறகு வெள்ளை வெளி வந்தது. திரையில் அது பனி. றொபி எழும்பிவிட்டான். "பிழை! பனியாமே! அது உப்பெல்லோ!" என்று கத்தினான். சாரங்கன் அவன் சட்டையைப் பிடித்து இருத்தி, "கத்தாதை அண்ணை, எனக்கும் கொதிதான் வருது" என்றான். நீல அங்கிப் பெண் திரும்பி, புத்தகத்திலும் பனிதான் என்று சிங்களத்தில் சொன்னாள். "எங்கட புத்தகத்தில உப்பு" என்று ஸம்ஹா சிங்களத்திலேயே பதில் கொடுத்தாள். எனக்கு அப்போதுதான் விளங்கியது. பனியைக் கண்டிராத நாலு பேருக்கு, பனியைக் கண்டிராத நீ, அதை உப்பாக்கிச் சொல்லியிருக்கிறாய். காலை அறுக்கும் உப்பு, கண்ணைக் கூசவைக்கும் உப்பு, எங்கள் பக்கத்து உப்பளங்களைப்போல விளிம்பில் பாத்தி கட்டிய உப்பு. கோடிக்கணக்கில் செலவழித்து எடுத்த பனி அவர்கள் கண்ணுக்கு ஏறவில்லை.

அந்த வெளியின் நடுவில் கதவு தெரிந்தது. சின்னதாக, தூரத்தில்.

நால்வரும் கையைப் பிடித்துக்கொண்டார்கள். படத்தில் ஒருத்தி நடந்து நடந்து வந்து வளையத்தில் கை வைத்தாள். "இப்ப" என்றாள் ஸம்ஹா. நாலு தலையும் ஒன்றாகக் குனிந்தன. ஸம்ஹா சால்வையால் முகத்தை மூடிக் காதைப் பொத்தினாள். நௌஃபர் பெருவிரல்களைக் காதில் செருகினான். சாரங்கன் சத்தம் கேட்காமலிருக்க வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தான். றொபி பெட்டியின்மேல் நெற்றியை வைத்து, இரண்டு கையாலும் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். பெட்டியும் பார்க்கக்கூடாது என்பதுபோல.

மணிக்கூட்டைப் பார்த்தேன். பன்னிரண்டு மணி மூன்று நிமிடம்.

பதினொரு நிமிடம் நான் தனியாகப் பார்த்தேன். முந்நூறு பேர் இருந்த மண்டபத்தில் தனியாக. உள்ளே இருந்தது என்ன என்று எழுதமாட்டேன், உனக்கும்கூட. உனக்குத் தெரியும், நீ கடைசிப் பக்கம்வரை வாசித்தவன். மண்டபமே எழும்பி நின்றது, சிலர் அழுதார்கள், நீல அங்கிப் பெண் பக்கத்தில் இருந்தவளின் தோளில் சாய்ந்தாள். எனக்கும் மயிர் கூச்செறிந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் நான் பாதி நேரம் திரையைப் பார்க்கவில்லை. அந்த வெளிச்சத்தில் தெரிந்த நாலு முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உலகம் முழுக்கக் காசு கொடுத்துப் பார்க்க வந்த ஒன்றை, அதன்மேல் உயிரையே வைத்திருக்கும் இவர்கள், ஒரு சாண் தூரத்தில் வைத்து வேண்டாம் என்கிறார்கள். ஒருவர்கூட விரலிடுக்கால் எட்டிப் பார்க்கவில்லை. நான் கவனித்துக்கொண்டே இருந்தேன், அதுதானே என் தொழில். இப்படியொரு விசுவாசத்தை எந்தக் கூட்டத்திலும் நான் கண்டதில்லை. கைக்கு எட்டிய முடிவை ஒரு ஆளுக்காக எடுக்காமல் விடுவது.

பன்னிரண்டு பதினாலுக்கு நௌஃபரின் தோளைத் தட்டினேன்.

இடைவேளையில்லாத படம் முடிந்து விறாந்தைக்கு வந்ததும், நீல அங்கிப் பெண் றொபியை மறித்து, நல்ல கட்டத்தில் ஏன் படுத்தீர்கள் என்று சண்டைக்கு வந்தாள். றொபி அவளைத் தங்கச்சி என்று கூப்பிட்டு, சிங்களத்தில் ஆறுதலாகச் சொன்னான்: "நங்கி, நாங்க இன்னும் கதவுக்கு வெளியில நிக்கிறம். ஏழு வருசம்." அவள் சிரிக்கவில்லை. தன் கூட்டத்தைக் கூப்பிட்டாள். அட்டை வாள்காரர்களும் இறக்கைக்காரர்களும் வந்து சுற்றி நின்றார்கள். கதை சொல்கிறவர் எங்கே என்று ஒருவர் கேட்டார். நால்வரும் என்னைப் பார்த்தார்கள், றுமைஸ். கோபமாக அல்ல. பதில் சொல்லவேண்டியவர் இவர் என்று பார்த்தார்கள். "கட்டாரில்" என்று சொன்னேன். அது முழுப் பதில் இல்லை என்பது எனக்குத் தெரியும், ஆகவே மிச்சத்தையும் சொன்னேன். வாடி, ஓட்டை, இருபத்தேழு வரி, எல்லாம். சிங்களத்தில் சொன்னதால் கொஞ்சம் இலகுவாக இருந்தது. நீல அங்கிப் பெண் தன்னிடமிருந்த ஒரு பகடையை எடுத்து ஸம்ஹாவின் கையில் வைத்து, உங்கள் ஆள் வரும்போது முதல் உருட்டலை இதால் உருட்டுங்கள் என்றாள்.

திரும்பும் வழியில் சிலாபத்தில் தேத்தண்ணிக்கு நிறுத்தினார்கள். றொபி என் பக்கத்தில் வந்திருந்து, "ஐயா, ஒண்டும் சொல்லவேணாம். பயப்படுற மாதிரியா, சந்தோசப்படுற மாதிரியா?" என்றான். "மூஞ்சியக் காட்டாதீங்க மாமா!" என்று ஸம்ஹா அங்கிருந்து கத்தினாள். நான் சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்து பிளேன்டீயைக் குடித்தேன். கடைக்காரர் எனக்கு ஏதோ சுகமில்லை என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்தார்.

மருமகன், படத்தோடு முடிந்தது என்று எழுதினாய். முடியவில்லை. அதைச் சாட்சியாகச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நான் நேரில் பார்த்தேன், இம்முறை உள்ளே இருந்து பார்த்தேன். பெட்டி கடலில் இல்லை. வாற ஞாயிறு லுஹருக்குப் பிறகு நால்வரும் வாடியில் இருப்பார்கள். உனக்கு அங்கே அப்போது நேரம் பதினொரு மணியாக இருக்கும். ஸம்ஹா தொலைபேசியை மேசையில் நிமிர்த்தி வைப்பாள். அதில் நீ வந்தால் கதவு திறக்கும். வராவிட்டால் அதற்கடுத்த ஞாயிறும் இருப்பார்கள். அவர்களை எனக்கு இப்போது தெரியும். நான் அந்தப் பக்கம் வரமாட்டேன். ஓட்டையை றொபி எப்போதோ அடைத்துவிட்டான், போய்ப் பார்த்தேன்.

இன்னொரு விஷயம். அந்த இருபத்தேழு வரி பிழை என்று எழுதியிருக்கிறேன். பத்திரிகையில் கேட்டேன், ஏழு வருடப் பழசுக்குத் திருத்தம் போடும் வழக்கமில்லை என்றார்கள். ஆகவே ஞாயிற்றுக்கிழமை கொழும்பில் கண்டதை இரண்டு பக்கமாக எழுதி, அதன் மூன்றாவது பந்தியில் என் பெயரைச் சொல்லி, நடந்ததைச் சொல்லியிருக்கிறேன். கதவுக்குப் பின்னால் இருந்தது அதில் இல்லை. இன்னும் யாருக்கும் அனுப்பவில்லை. சம்பந்தப்பட்ட ஆளைக் கேட்காமல் ஒருமுறை அச்சுக்குக் கொடுத்தவன், இம்முறை கேட்டுவிட்டுக் கொடுப்பேன். இத்துடன் வைத்திருக்கிறேன். வாசித்துப் பார். வேண்டாத வரியை வெட்டு. முழுவதையும் வெட்டினாலும் நான் கேள்வி கேட்கமாட்டேன்.

உன் உம்மாவுக்கு நான் எழுதுவது தெரியாது. சாப்பாடு நேரத்துக்குச் சாப்பிடு. அங்கு இப்போது வெயில் கடுமை என்று கேள்விப்பட்டேன். வெளிவேலை என்றால் தலையை மூடிக்கொள். அல்லாஹ் உன் உடம்பையும் குரலையும் காத்துத் தரட்டும்.

வெட்டிய தாளைத் திருப்பி அனுப்பு மகன். தாளை உள்ளே வைக்க மனமில்லாவிட்டால் வெறும் உறையையாவது ஒட்டி அனுப்பு. அதன்மேல் உன் கையெழுத்தில் என் பெயர் இருக்குமே.

இப்படிக்கு,
உன் மாமா,
ஜபார்.